ஆணி இல்லாத தெப்பத்திலிருந்து மாமாவுக்கு

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, தங்கள் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். இங்கு என்பது எங்கு என்று கேட்டால் எங்கள் கேப்டனுக்கும் சரியாகத் தெரியாது. தங்கள் நலமும், அத்தை அவர்களின் நலமும், அத்தையின் வலது முழங்காலின் நலமும் அறிய ஆவல். இன்று பயணத்தின் முப்பத்தெட்டாவது நாள். நிற்க. நிற்க என்று எழுதிவிட்டேனே தவிர, இங்கே எதுவும் ஒரு நிமிஷம் நிற்காது. கோணல்மாணலான கையெழுத்துக்கு மன்னிக்கவும்.

இதுக்கு மேல சுத்தமா எழுத எனக்குத் தெம்பு இல்ல மாமா. பேசற மாதிரியே எழுதிடறேன். காகிதத்தைத் திருப்பிப் பாத்தீங்கன்னா எங்க கம்பெனி லிஃப்ட் சோதனைப் படிவம் இருக்கும். தெப்பத்துல வேற காகிதம் கிடையாது. அந்தக் காலத்து ஆளுங்க காகிதம் கொண்டுபோகலன்னு, இந்தப் பயணத்தை ஏற்பாடு பண்ணின பேராசிரியர் எல்லாத்தையும் கரையிலயே புடுங்கிக்கிட்டார். சட்டப்படி ரேடியோ வேணும்னு துறைமுகத்துல கறாரா சொன்னதால அதை மட்டும் ஒரு பானைக்குள்ள வெச்சு மூடிக் குடுத்தார். யாராவது கூப்பிட்டா பானை பேசும். படிவத்தை ஏன் விட்டாருன்னா, படிவம் இல்லாம நான் கயிறு பாக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். எட்டு வருஷமா லிஃப்ட் கயிறு சோதிக்கறவன் நான். படிவம் இல்லாம ஒரு கயித்தை எப்படிப் பாக்கறதுன்னு எனக்கு நெஜமாவே தெரியாது.

முக்கியமான சேதியை முதல்லயே சொல்லிடறேன், அத்தை முழுசும் படிக்கறவரைக்கும் படபடன்னு இருக்க வேண்டாம். நாளைக்குக் காலையில ஒரு சரக்குக் கப்பல் இந்தப் பக்கமா வருது. பானை வழியா பேசியாச்சு. நான் அதுல ஏறிடறேன். கப்பல் வெங்காயமும் குடிதண்ணியும் குடுக்கத்தான் வருதுன்னு கேப்டன் கிட்டயும் டாக்டர் கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். காலையில விஷயத்தை உடைக்கணும். கயிறு பாக்க ஆள் இல்லாம தெப்பம் போகக்கூடாதுங்கறது விதி, அதனால அவங்களும் ஏறிக்க வேண்டியதுதான். தெப்பத்தை இங்கயே விட்டுடுவோம். உங்க பொண்ணு சொன்னதை நிரூபிக்க முடியல மாமா. காரணம் கடல் இல்ல. நான். நீங்களும் கொஞ்சம்.

உங்களுக்குத் தெரியாததா எதையும் சொல்லப்போறதில்ல, ஆனாலும் கோர்வையா சொன்னாத்தான் எனக்கே புரியுது. இந்தக் கரையிலயும் அந்தக் கரையிலயும் மண்ணைத் தோண்டினா ஒரே மாதிரி பானை ஓடு கெடைக்குது, ஒரே கை போட்ட மாதிரி கோடு, அதனால ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே யாரோ கடலைத் தாண்டியிருக்காங்கன்னு அவ சொன்னா. எதுல தாண்டினாங்கன்னு கேட்டதுக்கு, மூங்கிலும் நார்க்கயிறும் போதும், இரும்பே வேண்டாம், ஒரு ஆணி கூட வேண்டாம்னு எழுதினா. அந்தக் கட்டுரையை நீங்க கடையில கல்லாவுக்குப் பக்கத்துல வெச்சுப் படிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. கண்ணாடியைக் கழட்டிட்டு, "மாப்ள, முப்பது வருஷமா ஆணி வித்து இவளைப் படிக்க வெச்சேன். படிச்சுட்டு வந்து ஊருக்கெல்லாம் ஆணியே வேண்டாம்னு எழுதறா. எங்கயாவது கேட்டிருக்கீங்களா இந்த அநியாயத்தை?"ன்னீங்க. அவ திருகாணிப் பெட்டி மேல உக்காந்துகிட்டு, "அப்பா, அவங்க காலத்துல உங்க கடை இல்லப்பா. இருந்திருந்தா வாங்கியிருப்பாங்க"ன்னா. நீங்க ரெண்டு நாள் அதை வந்தவன் போனவன் கிட்டயெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்க.

அப்புறம் குழு ஒண்ணு வெச்சாங்க, தெப்பம் கட்டிப் பாக்கலாமா வேண்டாமான்னு. கயிறு தெரிஞ்ச ஒருத்தர் கருத்து வேணும்னாங்க. "வீட்டுலயே ஒருத்தன் இருக்கானே"ன்னு அவ என்கிட்ட கேட்டா. நான் எழுதினேன். மூணு பக்கம், வரைபடம் ரெண்டு. அலை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்கும், மூங்கில் எவ்வளவு அசையும், கயிறு எவ்வளவு தேயும், எல்லாம் கணக்குப் போட்டு, இருபத்தோராவது நாள் கட்டு அறும்னு முடிச்சேன். குழு அதைப் படிச்சுட்டு முடியாதுன்னுடுச்சு. ரெண்டு நாள் என்கூட அவ பேசல. மூணாவது நாள் சாயங்காலம் டீயைக் கொண்டுவந்து டொக்குன்னு மேசை மேல வெச்சுட்டு, "சரி, என்னிக்காவது போறப்ப நீயும் வா. இருபத்தோராவது நாள் அறுந்தா புடிச்சுக்க ஒரு ஆள் வேணும்ல"ன்னா. நான் சரின்னேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். அதோட குளியலறை டிரம்முல நாலு மூங்கிலை நார்க்கயித்தால கட்டி ஊறப் போட்டா, என் கணக்கு தப்புன்னு காட்ட. ஒரு வருஷம் அந்த டிரம்மைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு குளிச்சேன். அப்புறம் அந்த நாலு நாள் காய்ச்சல். அதைப் பத்தி நான் ஒண்ணும் எழுதல. உங்களுக்குத் தெரியும்.

அவ போன மூணாம் மாசம் குழுவுலேர்ந்து கடிதம் வருது, தெப்பம் கட்டலாம்னு. என்ன காரணம்னு பாத்தா, அனுதாபம். என் மூணு பக்கத்தை மாத்திப் படிச்சாங்களா, இல்ல. கணக்குல தப்பு கண்டுபுடிச்சாங்களா, அதுவும் இல்ல. உயிரோட இருக்கறவளுக்கு முடியாதுன்னவங்க, இல்லாதவளுக்கு முடியும்னுட்டாங்க. நான் போறேன்னு கையெழுத்துப் போட்டேன். சரின்னு சொல்லியிருந்தேன்ல.

தெப்பத்துல மூணு பேர். கேப்டன் முப்பத்தஞ்சு வருஷம் படகு ஓட்டினவர்னு பேராசிரியர் பெருமையா அறிமுகம் பண்ணி வெச்சார். எந்தப் படகுன்னு நாங்க அஞ்சாவது நாள்தான் கேட்டோம். ஆத்துல இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆள் ஏத்தற படகு. கால் மணி நேரப் பயணம். "ரெண்டு கரையும் தெரியாம ஓட்டறது எனக்கு இதுதான் முதல் தடவை தம்பி. கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருக்கு"ன்னார். இப்பவும் கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து நின்னு, இறங்கறவங்க யாராவது இருக்காங்களான்னு பாக்கற மாதிரி பாத்துட்டு உக்காருவார். இன்னொருத்தர் டாக்டர். டாக்டர் ஒருத்தர் கட்டாயம் வேணும்னு விதி, என்ன டாக்டர்னு விதியில எழுதல, பல் டாக்டர் கெடைச்சார். முதல் ஒம்பது நாள் அவர் வாந்தி எடுத்ததுல எங்களுக்கு வைத்தியம் பாக்க அவருக்கு நேரமே இல்ல. பத்தாவது நாள் தெம்பாகி, சும்மா இருக்க முடியாம, கேப்டனோட கடைவாய்ப் பல்லைப் புடுங்கிட்டார். "ஆடாத பல்லை ஏன்யா புடுங்கினே?"ன்னு கேப்டன் கத்தறார். "எல்லாமே ஆடிட்டிருக்கு சார், எது பல்லு எது தெப்பம்னு எனக்கு எப்படித் தெரியும்?"ங்கறார் இவர். நாலு நாள் ரெண்டு பேரும் பேசிக்கல. இருபத்தெட்டு அடி நீளத் தெப்பத்துல ரெண்டு பேர் பேசாம இருந்தா எல்லாத்தையும் மூணாவது ஆள் மூலமாத்தான் சொல்லணும் மாமா. "உப்பைக் குடுக்கச் சொல்லுங்க." "குடுக்க முடியாதுன்னு சொல்லுங்க." உங்களுக்கும் அத்தைக்கும் நடுவுல உங்க பொண்ணு இந்த வேலையைத்தான் பாத்திருக்கான்னு அப்பத்தான் புரிஞ்சுது.

சாமான் விஷயம் கேக்காதீங்க. பிஸ்கட் டின்னு பழங்காலத்துல இல்லன்னு பேராசிரியர் பிஸ்கட்டை எல்லாம் மண் பானைக்கு மாத்தினார். மூணாவது நாள் அலை அடிச்சு பிஸ்கட் கூழாச்சு. அதைக் காயவெச்சு மறுபடி பிஸ்கட் ஆக்கலாம்னு டாக்டர் ஒரு யோசனை சொன்னார். காயவெச்சோம். அது ஓடு மாதிரி ஆயிடுச்சு. உடைஞ்ச துண்டைக் கேப்டன் கையில வெச்சுப் பாத்துட்டு, "ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு இதைத் தோண்டி எடுத்து என்னல்லாம் எழுதப்போறானுங்களோ"ன்னார். அவளுக்கு இதைச் சொல்லணும்னு திரும்பினேன். அப்படித் திரும்பறது இன்னும் நிக்கல.

இப்ப துறைமுகத்துக்கு வரேன். கிளம்பற அன்னிக்குக் காலையில நீங்க வந்தீங்க. தெப்பத்தைச் சுத்தி வந்து ஒவ்வொரு கட்டையும் தட்டிப் பாத்தீங்க. கம்பத்துல நான் ஒட்டி வெச்சிருந்த படிவத்துக்கு முன்னாடி நின்னீங்க. உங்க கடை சரக்கு லிஃப்ட்டுல ஆறு வருஷமா அதே படிவத்தைப் பாத்தவர் நீங்க. எங்க வேலையில ஒரு பழக்கம் இருக்கறது உங்களுக்குத் தெரியும். கடைசிக் கட்டத்துல அடுத்த சோதனைத் தேதி எழுதாம எவனும் கையெழுத்துப் போட்டுட்டுப் போகக்கூடாது. தேதி இல்லன்னா லிஃப்ட்டை ஓட்டக்கூடாது. அடுத்து ஒருத்தன் வருவான்னு இருந்தாத்தான் ஆளை ஏத்தலாம். நீங்க அந்தக் கட்டத்து மேல விரலை வெச்சு, "மாப்ள, இது காலியா இருக்கே"ன்னீங்க. "அப்புறம் எழுதிக்கலாம் மாமா"ன்னேன். "நீங்க போறது கடலைத் தாண்டறதுக்குத்தானே?"ன்னு கேட்டீங்க. நான் கயித்தைப் பாக்கற மாதிரி குனிஞ்சுட்டேன். நீங்க விறுவிறுன்னு கிளம்பிப் போனீங்க. ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு தலையணையோட வந்து, "அத்தை இங்க கொண்டுவந்து குடுத்தா, கழுத்து வலிக்காம இருக்கும்"னீங்க. அத்தை துறைமுகத்துக்கே வரல மாமா.

முதல் நாள் படுத்ததும் தெரிஞ்சுது. உள்ள முப்பது மீட்டர் நைலான் கயிறு, ஒரு சுத்தியல், ரெண்டு இஞ்சு ஆணி ஒரு டப்பா, கடைச் சீட்டோட. சீட்டுல "உபயோகிக்காததைத் திருப்பித் தரவும்"னு உங்க கையெழுத்து. பேராசிரியர் என் பையில பல் துலக்கற பிரஷைக் கூட விடல, இது எப்படித் தப்பிச்சுதோ. மழைக்கோட்டு ஒண்ணுதான் நான் ஏமாத்திக் கொண்டுவந்தது, போட்டுக்கிட்டே ஏறிட்டேன். உங்க பொண்ணு இந்தப் பயணத்துக்குன்னு வாங்கி வெச்ச மஞ்சக் கோட்டு, விலைச் சீட்டு கூடப் பிய்க்கல. கை முழங்கையோட நிக்குது. பேராசிரியர் பாத்தார், பிளாஸ்டிக்னு தெரிஞ்சும் ஏற விட்டுட்டார்.

இருபத்தோராவது நாள் வந்துது. நான் முன்கூட்டியே சொல்லிட்டேன், இன்னிக்கு அறும்னு. கேப்டனும் டாக்டரும் விடியறதுக்கு முன்னாடியே கம்பத்தைக் கட்டிப் புடிச்சுட்டு நின்னாங்க. மத்தியானம் வரைக்கும் நின்னாங்க. "கணக்குல ஏதாவது தப்பு இருக்குமோ?"ன்னு டாக்டர் மெதுவா கேட்டார். "கால் வலிக்குது, அதுக்காகக் கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க"ன்னார். சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் அறுபடல. நீங்க துறைமுகத்துல கேட்டதுக்கு இப்ப பதில் சொல்றேன் மாமா. சாகணும்னு நான் ஏறல. அதுக்கெல்லாம் ஒரு முடிவெடுக்கணும், எனக்கு எந்தக் கறி வேணும்னு கேட்டாக்கூட முடிவு சொல்ல வரல. இருபத்தோராவது நாள் அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும்னு இருந்தேன். அதுக்கு அடுத்த நாளைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல. அதான் கட்டம் காலி.

அப்ப இருபத்திரண்டாவது நாள் வந்து நின்னா நான் என்ன பண்றது, சொல்லுங்க. அன்னிக்குப் பாத்து பெரிய அலை. மூங்கில் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசி அழற மாதிரி சத்தம். கேப்டனும் டாக்டரும் பயந்துபோய் என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. எனக்காக இல்ல, அவங்களுக்காக பயந்தேன். அலை அடங்கி அவங்க அசந்து தூங்கின மத்தியானம், உங்க நைலானை எடுத்து அஞ்சு இடத்துல இறுக்கிக் கட்டிப் பாயைப் போட்டு மூடிட்டேன். கம்பத்துல ஒரு ஆணியும் அடிச்சேன். அன்னியோட அவ சோதனை செத்துப்போச்சு. இன்னிக்குத் தெப்பம் மிதக்குதுன்னா உங்க நைலான்ல மிதக்குது. ஒவ்வொரு நாளும் நார்க்கட்டுல, கட்டு நழுவினா தெரியறதுக்குப் போட்ட சிவப்புப் பெயிண்ட் கோட்டைப் பாத்து, "நகரவில்லை"ன்னு எழுதறேன், ஆனா நகராம வெச்சிருக்கறது எதுன்னு எனக்குத் தெரியும். முதல் தடவை மூணு பக்கம் எழுதி அவளைக் கவுத்தேன். ரெண்டாவது தடவை முப்பது மீட்டர் கயித்தால. பதினாறு நாளா அந்தப் பாய்ப் பக்கம் திரும்பிக் கூடப் பாக்கல, வெக்கமா இருக்கு.

அதனால நாளைக்கு ஏறிடறேன். குழுவுக்கு ஒரே வரி, கோட்பாடு தோல்வின்னு. நான் நேரா வீட்டுக்கு வரல மாமா. கப்பல் எங்க போய் நிக்குதோ அங்க இறங்கிக்கறேன். வீட்டுச் சாவி உங்ககிட்ட இருக்கு, காலி பண்ணிக் குடுத்துடுங்க. டிரம்மைத் தூக்கி வெளிய போட்டுடுங்க. உங்க கடை லிஃப்ட்டுக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க, போன தடவையே கயிறு மோசம்னு எழுதினேன், வர்றவன் கிட்ட அதைக் காட்டுங்க. உங்க பொருளை உபயோகப்படுத்திட்டேன், மன்னிச்சுக்கோங்க. நீங்க தப்பா ஒண்ணும் பண்ணல. நானா இருந்தாலும் தலையணையில வெச்சுத்தான் குடுத்திருப்பேன்.

அத்தையை முழங்காலுக்கு ஒழுங்கா மருந்து தடவச் சொல்லவும். தாங்கள் கடை ஏணியில் ஏறுவதைக் குறைக்கவும். தங்கள் இருவருக்கும் உடல்நலமும் மன அமைதியும் கிடைக்க, கூரை இல்லாத இடத்திலிருந்து வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: மாமா, மேல எழுதினது எதையும் கணக்குல எடுத்துக்க வேண்டாம். காலையில எழுதறேன். கப்பல் பக்கத்துல நிக்குது, அவங்க கத்தறாங்க, சுருக்கமா சொல்றேன். விஷயத்தை உடைக்கறதுக்கு முன்னாடி உங்க நைலானை அவுத்து எடுத்து வைக்கலாம்னு பாயைத் தூக்கினேன். அஞ்சு இடத்துலயும் ஒண்ணும் இல்ல. "எதைத் தேடறீங்க தம்பி? அந்த வழவழ கயிறா? அதை மறுநாளே அவுத்துட்டோமே"ங்கறார் கேப்டன். ஒளிச்சு வெச்ச சாமான்னா உபரின்னு நெனச்சுட்டாங்களாம். டாக்டர் பதினாறு நாளா துண்டு காயப்போடறது அதுலதான். மீதியில கேப்டன் ரேடியோப் பானையை உருளாம கட்டி வெச்சிருக்கார். தினமும் அந்தத் துண்டு என் மூஞ்சியில அடிச்சுட்டிருந்துது மாமா, கயிறு சோதிக்கறவன் நான், எதுல தொங்குதுன்னு நிமிந்து பாக்கல. பதினாறு நாளா தெப்பத்தைப் புடிச்சுட்டிருக்கறது வெறும் நார்க்கயிறு. கை விட்டுப் பாத்தேன், நனைஞ்சு நனைஞ்சு மூங்கிலைக் கவ்விக்கிட்டிருக்கு, விரல் நுழையல. என் மூணு பக்கத்துல நான் கணக்குப் போட்டது காஞ்ச கயித்துக்கு. லிஃப்ட் கயித்தை எவனும் நனைக்க மாட்டான், அதனால எனக்குத் தோணவே இல்ல. அவ டிரம்முல போட்டு ஒரு வருஷம் என் காலடியில வெச்சிருந்தா.

நான் ஏறல. இன்னும் இருபத்திரண்டு நாள்னு கேப்டன் சொல்றார், ரெண்டு கரையும் தெரியாததால உத்தரவாதம் இல்லையாம். வெங்காயம் வாங்கிட்டோம். நைலான் முப்பது மீட்டரும், சுத்தியலும், டப்பாவும் கப்பல்காரர் கிட்ட குடுத்து அனுப்பறேன், சீட்டுல எழுதின மாதிரியே. ஒரு நாள் கட்டியிருந்ததை அறிக்கையில எழுதிடறேன். ஆணியில ஒண்ணு குறையும். அதுல மஞ்சக் கோட்டு தொங்குது. அதை மட்டும் திருப்பித் தர முடியாது, தெப்பத்துல ஒரு ஆணி வேணும்தான்னு நீங்க ஊருக்கெல்லாம் சொல்லிக்கலாம்.

டிரம்மைத் தொடாதீங்க. வீட்டைக் காலி பண்ணாதீங்க. உங்க கடை லிஃப்ட்டை நான் வர்ற வரைக்கும் எவனும் தொடக்கூடாது, சாமானை மாடிப்படியில தூக்கச் சொல்லுங்க. இந்தக் காகிதத்தைத் திருப்புங்க. கடைசிக் கட்டத்துல எழுதியிருக்கேன்: கரை சேந்து பத்தாம் நாள், காலை ஒம்பதரை மணி, மாமா கடை. கீழ கையெழுத்தும் போட்டிருக்கேன்.